இறக்குமதி உணவில் பூச்சிமருந்து எச்சம்: குமரி மாவட்டத்துக்கு எந்த விதி பொருந்தும்?

வாழையும் தென்னையும் மரச்சீனியும் மீனும் சொந்த மண்ணிலும் கடலிலும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. அப்படியிருந்தும் அடுக்களையில் கப்பலேறி வந்த சாமான் நிறைய. ரேஷன் பாமாயில் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ பிழிந்தது. துவரம்பருப்பில் ஒரு பங்கு மொசாம்பிக், தான்சானியா, மியான்மர் நாடுகளில் விளைந்தது. மைசூர் பருப்பும் பட்டாணியும் கனடா, ஆஸ்திரேலியா, ரஷ்யா என்று பல திசையிலிருந்து வருகின்றன. பழக்கடை ஆப்பிளில் ஈரானும் நியூசிலாந்தும் உண்டு. மாறாமலையில் கிராம்பு விளைந்தாலும் பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தருவது மடகாஸ்கர் கிராம்பாகவோ இலங்கைக் கிராம்பாகவோ இருக்கலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் பெண்கள் உடைக்கும் முந்திரிக்கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில் விளைந்து, தூத்துக்குடி அல்லது கொச்சி வழியாக வந்தது.

இவற்றில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அளவு வகுப்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. 2011இல் வந்த ஒழுங்குமுறையில் மருந்து வாரியாக, பயிர் வாரியாக அளவுகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும்போது ஆணையம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்து கேட்கும். அப்படிக் கேட்கும்போது குமரி மாவட்டத்து விவசாயியும் சாப்பிடுபவரும் சேர்ந்து எந்த வழியை ஆதரிப்பது? அதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

நமக்கு இதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. பருப்பையும் ஆப்பிளையும் வாங்கித் தின்கிறோம். கிராம்பும் நல்லமிளகும் விளைவித்து விற்கவும் செய்கிறோம். உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி இறக்குமதிப் பொருளுக்கு ஒரு வரம்பும் உள்ளூர்ப் பொருளுக்கு அதைவிடத் தளர்வான வரம்பும் வைக்க முடியாது. மடகாஸ்கர் கிராம்புக்குப் போடுகிற கோடு மாறாமலைக் கிராம்புக்கும் சேர்த்துத்தான். இதை மறந்துவிட்டு “வெளிநாட்டுச் சரக்கை இறுக்கிப் பிடியுங்கள்” என்று மட்டும் கேட்டால், அந்த இறுக்கம் நம் விளைக்குள்ளும் வந்து சேரும்.

அதனால் எந்த எண் சிறியது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வழியிலும், இந்த உணவு பரவாயில்லை என்று காட்டும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்க்கிறேன். விற்பவர் தலையிலா, வாங்கித் தின்பவர் தலையிலா?

அந்த எண் எப்படி வருகிறது

எச்ச வரம்பு என்பது நேராக நச்சு அளவிலிருந்து வருவதில்லை. லேபிளில் சொன்னபடி மருந்தடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுவடை செய்தால் விளைபொருளில் அதிகபட்சம் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதிப்பார்கள். அதிலிருந்து ஓர் அளவைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம்தான் மக்கள் அந்தப் பொருளை ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று கணக்கிட்டு, வாழ்நாள் முழுக்கத் தினமும் உடம்புக்குள் போனாலும் பாதகமில்லை என்று கருதப்படும் அளவோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பாதகமில்லா அளவு, விலங்குச் சோதனையில் கெடுதல் தெரியாத அளவைப் பெரும்பாலும் நூறால் வகுத்துப் பெறுவது.

ஆக, வரம்பைத் தாண்டிய உணவெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. வரம்புக்குள் இருப்பதில் மருந்தே இல்லை என்றும் அர்த்தமில்லை. இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

கனடாவில் பருப்பு அறுவடைக்குச் சற்று முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிப்பது உண்டு. மைசூர் பருப்புக்கு உலக அளவிலான உணவுத் தர ஆணையமான கோடெக்ஸ் வைத்திருக்கும் கிளைபோசேட் வரம்பு கிலோவுக்கு 5 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளில் 30 கிராம் பருப்பு சாப்பிட்டால், வரம்பு முழுக்க மருந்து இருந்தாலும் உள்ளே போவது 0.15 மில்லிகிராம். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டும் நிபுணர் குழு வகுத்த பாதகமில்லா அளவின்படி அந்தக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு 15 மில்லிகிராம் வரை போகலாம். நூறில் ஒரு பங்குதான் வருகிறது. ஐரோப்பாவின் கடுமையான கணக்குப்படி பார்த்தாலும் நூறில் இரண்டு. சரி, கிளைபோசேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2015இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியதே என்று கேட்கலாம். உணவு வழியாக அந்த ஆபத்து வர வாய்ப்பில்லை என்று அடுத்த ஆண்டே நிபுணர் குழு சொன்னது. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அடுத்தது குளோர்பைரிஃபாஸ். நம் ஊர் வாழைத் தோட்டங்களில் கூன்வண்டுக்கு அடித்துப் பழக்கமான மருந்து. இதற்கு அதே நிபுணர் குழு வைத்த பாதகமில்லா அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஓர் ஆப்பிளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை இதை அனுமதித்தோம் என்று வையுங்கள். 15 கிலோ குழந்தை 150 கிராம் எடையுள்ள ஒரே ஒரு ஆப்பிளைத் தின்றால் அன்றைய முழு அளவும் முடிந்துவிடும். சோறு, காய், குழம்பு எதிலும் அதன்பின் இடமில்லை. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மருந்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் வகுக்க முடியாது என்றே சொல்லிவிட்டது. 2020இல் ஐரோப்பா அதை விலக்கியது. 2025இல், எளிதில் அழியாத நச்சுகளுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உலக உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலிலும், சில விதிவிலக்குகளோடு, அது சேர்ந்தது.

ஒன்றில் 5 என்ற பெரிய எண் சாப்பிடுபவரை அவ்வளவாகத் தொடவில்லை. இன்னொன்றில் 1 என்ற சிறிய எண் குழந்தையின் பங்கை முழுதாகத் தின்றுவிடுகிறது. எல்லா மருந்துக்கும் ஒரே எண் என்று கேட்பவர்களும் எல்லாவற்றையும் தளர்த்தச் சொல்பவர்களும் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வழி: கோடெக்ஸ் அளவை அப்படியே எடுப்பது

கோடெக்ஸ் என்பது உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து 1963இல் தொடங்கிய உணவுத் தர ஆணையம். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம் இதன் அளவுகளைத்தான் அடிப்படையாக ஏற்கிறது. கோடெக்ஸ் அளவைப் பின்பற்றும் நாடு யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கடுமையாக வைத்தால் அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும்.

இந்த வழியின் பலன் பெரியது, அதை மறைக்கக் கூடாது. செலவில்லை, சண்டையில்லை, பருப்பு விலை நிலையாக இருக்கும். 2018இல் இந்தியா இப்படித்தான் செய்தது. பருப்பு வகைகளுக்குக் கிளைபோசேட் அளவு நம் சட்டத்தில் இல்லை. இங்கே அந்த மருந்துக்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத நிலத்துக்கும் மட்டுமே பதிவு. அதனால் இறக்குமதிப் பருப்புக்குக் கோடெக்ஸ் அளவைப் பின்பற்றச் சொல்லி ஆணையம் அந்த ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது. தனி அளவு வகுக்காத மருந்துக்கெல்லாம் பொது வரம்பான 0.01 எங்கே, கோடெக்ஸின் 5 எங்கே? ஐந்நூறு மடங்கு. மேலே போட்ட கணக்குப்படி அந்த முடிவால் பெரிய ஆபத்து வந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை நம் மக்களின் சாப்பாட்டை வைத்துப் போட்டு, பொதுவில் காட்டிவிட்டு முடிவெடுத்திருக்க வேண்டும். ரேஷன் கடையில் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு வாங்கிய குடும்பங்கள் இந்த மாநிலத்தில் எத்தனை லட்சம்! அவர்களுக்கு ஒரு பக்க அறிக்கையாவது கிடைத்திருக்கலாம்.

கோடெக்ஸ் கணக்கில் உலக நாடுகளைச் சாப்பாட்டு வழக்கப்படி 17 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய நாட்டின் சராசரியில் ஒரு மூலையின் சாப்பாடு தெரியாமல் போகும். குமரியில் ஏத்தன்பழம், மரச்சீனி, தேங்காய் எல்லாம் மற்ற மாவட்டங்களைவிட அதிகம் செலவாகின்றன.

மசாலாப் பொருட்களில் இன்னொரு கோளாறு. கிராம்பு, ஏலம், மிளகு போன்ற சிறு பயிர்களுக்கு வயல் சோதனை செய்ய எந்தக் கம்பெனியும் முன்வருவதில்லை. அதனால் சந்தைச் சரக்கில் எடுத்த மாதிரிகளில் கண்டுபிடித்த அளவை அடிப்படையாக வைத்தே கோடெக்ஸ் பல மசாலா வரம்புகளை வகுத்திருக்கிறது. மசாலாவைக் கொஞ்சம்தான் சாப்பிடுகிறோம் என்ற நியாயம் அதில் உண்டு. ஆனாலும் ஏற்கெனவே சரக்கில் இருப்பதையே வரம்பாக்கும் முறையில், குறைவாக மருந்தடித்தவருக்கு ஒரு நன்மையும் கிடைப்பதில்லை. மாறாமலை, கரும்பாறை, வேளிமலைக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உயர மலையில், மருந்து அதிகம் படாமல் விளைகிற மரம் அது. அதற்கும் மற்ற சரக்குக்கும் வித்தியாசமே தெரியாமல் போகும்.

கோடெக்ஸில் அளவே இல்லாத பொருளும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவுக்காக. சால்மோனெல்லா கிருமியைக் கொல்ல மசாலாவில் ஏற்றுவது அது. மசாலாவில் அதற்கு அமெரிக்கா 7 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது, ஐரோப்பா 0.1, சிங்கப்பூர் 50. ஹாங்காங் அனுமதிப்பதே இல்லை. இப்படி நாலு பேர் நாலு எண் சொல்லும்போது கோடெக்ஸைப் பார்த்து எழுதலாம் என்றிருந்தவர்கள் என்ன செய்வார்கள்?

பொறுப்பு யார் தலையில் என்று கேட்டால், இந்த வழியில் அது சாப்பிடுபவர் தலையில். இந்த அளவு நமக்கு ஒத்துவராது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது வழி: 0.01 என்ற ஒரே கோடு

கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றால் நூறு டன் பருப்பில் ஒரு கிராம் மருந்து. வரம்பு தனியாக வகுக்கப்படாத எந்த மருந்துக்கும் இதுவே எல்லை என்ற முறையை ஜப்பான் 2006 மே 29இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2008 செப்டம்பரிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நம் ஒழுங்குமுறையிலும் பொது வரம்பாக இது இருக்கிறது. ஆனால் அவ்வப்போது வரும் விலக்குகள் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகின்றன.

இதன் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. சோதித்துக் காட்டாத மருந்து உள்ளே வராது. பொறுப்பு முழுக்க விற்பவருடையது. சாப்பிடுபவராக மட்டும் நான் எழுதினால் இங்கேயே நிறுத்திவிடுவேன்.

விவசாயி பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. நம் மாவட்டத்தில் ஒரு விளையில் ஒரு பயிர் மட்டும் நிற்பது குறைவு. தென்னைக்குக் கீழே வாழை, தென்னையிலோ கமுகிலோ ஏறிய நல்லமிளகு, ஓரத்தில் மரச்சீனி. வாழைக்கு அடித்த மருந்து காற்றில் மிளகுக் கொடியில் படும். பச்சை மிளகைக் காயவைத்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எச்சம் அந்த அளவுக்குச் செறியும். வாழைக்குச் சட்டப்படி பதிவு பெற்ற மருந்துதான், தவறாக ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் மிளகில் 0.01ஐத் தாண்டிவிடலாம். அப்புறம் எண்ணெய்ச் சத்து நிறைந்த கிராம்பிலும் மிளகிலும் இவ்வளவு நுண்ணிய அளவைப் பிசகாமல் அளப்பது ஆய்வகத்துக்கே சிரமம். அதனால்தான் ஐரோப்பாகூட பல மருந்துகளுக்குத் தேயிலையிலும் மசாலாவிலும் 0.05 என்ற கண்டறியும் எல்லையை ஏற்கிறது.

இந்த இடத்தில் 2024 ஏப்ரலில் நம் ஆணையம் எடுத்த முடிவைச் சொல்லியாக வேண்டும். மசாலாப் பொருட்களில், இந்தியாவில் பதிவே பெறாத மருந்துகளுக்கான பொது வரம்பு 0.01இலிருந்து 0.1 ஆக உயர்த்தப்பட்டது. பதிவு பெற்ற மருந்துகளுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது என்றும் அரசு விளக்கியது. இதைக் குமரி விவசாயி இடத்தில் இருந்து வாசியுங்கள். இங்கே பதிவு பெறாத மருந்தை யார் அடிப்பார்கள்? பெரும்பாலும் வெளிநாட்டுத் தோட்டங்களில்தான். அவர்கள் சரக்குக்குப் பத்து மடங்கு இடம். நம் வாழையிலிருந்து பறந்து மிளகில் விழுந்த, இங்கே பதிவு பெற்ற மருந்துக்கு, நம் சட்டத்திலும் கோடெக்ஸிலும் மசாலாவுக்கு அளவு இல்லையென்றால் பழைய 0.01. பொறுப்பை யார் சுமக்க வேண்டும் என்ற கேள்வி இதில் தலைகீழாகிவிட்டது. காய்ந்த பொருளில் எச்சம் செறியும், அளப்பது கடினம் என்ற காரணங்கள் சரியென்றால், அவை உள்ளூர் மிளகுக்கும் சரிதானே.

கடுமையான கோடு போட்டால் மற்ற நாடுகள் சும்மா இருக்காது என்பதையும் நாம் அறிவோம், ஏனென்றால் நாமே சும்மா இருந்ததில்லை. நெல்லில் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலுக்கான அரிசி வரம்பை ஐரோப்பா 1இலிருந்து 0.01க்குக் குறைத்து 2018 முதல் பாசுமதிக்கும் அமலாக்கியபோது, இந்தியா எதிர்த்துப் பேசியது. நாளை நாம் அதே கோட்டைக் கிழித்தால் கனடாவும் அமெரிக்காவும் அதே வாதத்தை நம்மிடம் வைக்கும்.

மூன்றாவது வழி: ஆதாரம் கொண்டுவந்தால் அனுமதி

பொது வரம்பு 0.01இலேயே இருக்கும். ஆனால் எந்த நாட்டு ஏற்றுமதியாளரோ மருந்துக் கம்பெனியோ, “எங்கள் பயிருக்கு இந்த மருந்து தேவை, இதோ வயல் சோதனை, இதோ நச்சியல் ஆய்வு” என்று விண்ணப்பித்தால், அதைப் பரிசீலித்துத் தனி வரம்பு தரலாம். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இப்படிக் கேட்டு வாங்க வழியிருக்கிறது.

எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு. உணவுக் கணக்கை இந்தியச் சாப்பாட்டை வைத்துப் போட வேண்டும், குழந்தைக்குத் தனியாகப் போட வேண்டும், முடிவை ஆதாரத்தோடு வெளியிட வேண்டும். அப்படி நடந்திருந்தால் கனடா மைசூர் பருப்புக்கு ஏதோ ஓர் அளவு கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்; கணக்கு இடம் கொடுக்கிறது. குளோர்பைரிஃபாஸ் அடித்த ஆப்பிளுக்குக் கிடைத்திருக்காது. இரண்டையும் பிரித்துக் காட்டும் திறன் முதல் இரண்டு வழிகளுக்கும் இல்லை.

ஆப்பிளிலேயே இன்னொரு எடுத்துக்காட்டு. குளிர்கிடங்கில் தோல் கருக்காமல் இருக்க டைஃபினைல் அமீன் பூசுவது உண்டு. அமெரிக்கா இதற்கு 10 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆதாரம் போதவில்லை என்று ஐரோப்பா அதை 2014இல் 0.1க்கு இறக்கியது. கேட்ட ஆதாரத்தைத் தர முடியாதபோது அனுமதி சுருங்கியது, அவ்வளவுதான். அந்த முறை நமக்கும் வேண்டும்.

இதன் குறை, ஏழை நாட்டுச் சிறு விவசாயி. கனடா பருப்புச் சங்கங்களுக்கு ஆய்வு செய்யப் பணம் இருக்கிறது. மடகாஸ்கரிலோ கொமொரோஸிலோ நாலு கிராம்பு மரம் வைத்திருப்பவருக்காக யார் வயல் சோதனை செய்வார்கள்? நம் மாறாமலை விவசாயிக்கும் அதே நிலைதான். இரண்டு பேரும் சிறு பயிர்க்காரர்கள். இதற்கு ஒரு வழி உண்டு: மசாலாவைப் பூமொட்டு, காய், விதை, வேர் என்று தொகுத்து ஒவ்வொரு தொகுதிக்கும் சேர்த்துச் சோதனை நடத்துவது. கோடெக்ஸின் மசாலாக் குழுவை நடத்தும் பொறுப்பு இந்தியாவிடம்தான் இருக்கிறது. அதன் செயலகம் கொச்சியில் உள்ள மசாலா வாரியம். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிராம்புத் தொகுதிக்கான வயல் சோதனையை மாறாமலையில் நடத்தச் சொல்லிக் கேட்பது அதிகப்படி ஆசை இல்லை.

நான்காவது வழி: இங்கே தடையென்றால் அங்கேயும் தடை

நம் விவசாயிக்குத் தடைசெய்த மருந்தை வெளிநாட்டு விவசாயி அடித்து இங்கே கொண்டுவந்து விற்கக் கூடாது. கேட்டவுடன் மனதில் ஒட்டும் வாதம் இது. ஐரோப்பா இந்தப் பக்கம் நகர்கிறது: தேனீக்களைக் காக்க குளோதியனிடின், தயமெத்தாக்சாம் இரண்டுக்கும் இறக்குமதி உணவில் வரம்பை அடிமட்டத்துக்கு இறக்கி, 2026 மார்ச் முதல் பொருந்தும்படி 2023இலேயே விதி செய்தது. மார்த்தாண்டம் தேனை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கும் மாவட்டத்தில் அந்தக் காரணம் எளிதாகப் புரியும்.

எண்டோசல்ஃபான் மாதிரியான மருந்துக்கு இந்த வழி கட்டாயம் வேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இதைத் தெளித்து மக்கள் உடல்நலம் கெட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் நாம். 2011இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. எந்த நாட்டுச் சரக்கிலும் அதற்கு இடம் தர ஒரு காரணமும் இல்லை.

ஆனால் எல்லா மருந்துக்கும் இதை விரித்தால் சிக்கல். ஒரு மருந்து இங்கே பதிவு பெறாததற்குக் காரணம் நச்சுத்தன்மை மட்டும் அல்ல. அந்தப் பூச்சியே இங்கே இல்லாமல் இருக்கலாம், கம்பெனி விண்ணப்பிக்காமல் இருக்கலாம். உடல்நலக் காரணத்துக்காகத் தடைசெய்த மருந்துக்கு மட்டும் இந்த வழி. நேர்மைக்காக இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: உள்நாட்டில் பயன்படுத்தத் தடைசெய்து, ஏற்றுமதிக்கு மட்டும் தயாரிக்க விட்டுவைத்த மருந்துகள் நம் நாட்டிலும் உண்டு. அதை நிறுத்தாமல் இந்த வாதத்தை வெளியே வைத்தால் எடுபடாது.

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும்

வரம்பு எதுவானாலும் துறைமுகத்தில் மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் பார்த்து, முடிவைச் சொல்லும் ஏற்பாடு இல்லாவிட்டால் அது காகிதம்தான். இறக்குமதி உணவை ஆவணம் பார்த்து, கண்ணால் பார்த்து, ஆபத்துக்கணிப்பின்படி சிலவற்றில் மட்டும் மாதிரி எடுத்து விடுவிப்பதே நடைமுறை. எல்லாப் பெட்டியையும் சோதிப்பது எந்த நாட்டிலும் நடப்பதில்லை.

ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடும் சோதனை இப்போது இருக்கிறது. ஆனால் கிளைபோசேட் அந்த வலையில் சிக்காது. தண்ணீரில் கரையும் அந்த மூலக்கூறுக்குத் தனிச் சோதனை வேண்டும், தனிக் கட்டணம். “பூச்சிமருந்துச் சோதனை செய்தாயிற்று” என்று ஒரு சான்றிதழ் சொன்னால், எந்தெந்த மருந்தைத் தேடினார்கள் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

முந்திரியில் என் கவலை வேறு. கோடெக்ஸ் முறைப்படி கொட்டை வகையில் ஓட்டை நீக்கிப் பருப்பைத்தான் சோதிக்க வேண்டும். தடித்த ஓட்டுக்குள் இருக்கும் பருப்பில் தோட்டத்து மருந்து சேர்வது குறைவு. ஏற்றுமதிக்குப் போகும் முந்திரிப்பருப்பு ஜப்பான், ஐரோப்பா வரம்புகளுக்குள்ளும் அடங்கியாக வேண்டும். ஆகவே எண்ணைக் கடுமையாக்கினால் அண்டி ஆபீஸ்களுக்குப் பெரிய அடி விழாது. தாமதம்தான் அடி. பெட்டகம் துறைமுகத்தில் முடிவுக்காகக் காத்துக் கிடந்தால் தாமதக் கட்டணம் ஏறும், கொட்டை தீர்ந்தால் ஆபீஸ் பூட்டும், அன்றன்றைக்கு உடைத்த கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள். சோதனையைக் கூட்டச் சொல்லிக் கேட்பவர்கள், சோதனையை விரைவாக்கவும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.

முடிவை வெளியிடுவதில் நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகம், சந்தையில் எடுத்த காய்கறி, பழம், மசாலா மாதிரிகளில் என்ன கண்டது என்று தொடர்ந்து அறிக்கை விடுகிறது. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் மருந்து அதிகம் என்று கேரள அரசு சொன்னபோது இங்கே எழுந்த கோபம் நினைவிருக்கலாம். அந்தக் கோபத்துக்குப் பதிலாக நம் கையில் நம் அறிக்கை இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். நாட்டளவில், நிராகரிக்கப்பட்ட இறக்குமதிச் சரக்கு பற்றி எச்சரிக்கும் இணையதளத்தை ஆணையம் 2024 செப்டம்பரில் தொடங்கியது நல்ல அடி.

இன்னொரு முரணும் தீர வேண்டும். கூடவே பூச்சி வந்துவிடாமல் இருக்கப் பருப்பு வகைகளை மெத்தில் புரோமைடு வாயுவில் புகைமூட்டி அனுப்ப வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுப் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை கேட்கிறது. ஒரு துறை கட்டாயம் வாயு ஏற்றச் சொல்கிறது, இன்னொரு துறை எச்சத்தைக் குறைக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

கருத்துக் கடிதத்தில் என்ன எழுதலாம்

என் தேர்வு மூன்றாவது வழி, நான்காவதிலிருந்து ஒரு துண்டோடு. பொது வரம்பு 0.01 நிற்கட்டும். அதற்கு மேல் வேண்டுவோர் ஆதாரத்தோடு வரட்டும். உடல்நலக் காரணத்துக்காக இங்கே தடைசெய்த மருந்துக்கு விண்ணப்பமே வேண்டாம். கோடெக்ஸ் அளவை ஆதாரங்களில் ஒன்றாக ஏற்கலாம். இந்தியச் சாப்பாட்டுக் கணக்கில் தேறிய பின்பே அது சட்டமாகட்டும். மசாலாவுக்கு 0.01 பொருந்தாது என்று ஆணையம் கருதினால், பதிவு பெற்றது, பெறாதது என்று பிரிக்காமல், தற்செயலாகப் படியும் எச்சத்துக்கு உள்ளூர்ச் சரக்குக்கும் வெளிச்சரக்குக்கும் ஒரே இடைக்கால அளவைத் தொகுதி வாரியாகத் தரட்டும். அதற்குக் கெடு தேதியும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் நடக்காது. அதிகம் தின்பதிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் பருப்பு, அடுத்து குழந்தைகள் தின்னும் பழங்கள், கடைசியில் மசாலா. ஒரு நாளில் ஒருவர் தின்கிற கிராம்பு ஒரு கிராம்கூட வராது. பருப்பு அதைப்போலப் பல மடங்கு.

மாவட்ட அளவில் கேட்பதற்கு டெல்லியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்து உணவு மாதிரிகள் பாளையங்கோட்டை அரசு ஆய்வகத்துக்குப் போகின்றன. ரேஷன் பருப்பில் ஒவ்வொரு கொள்முதலிலும் கிளைபோசேட் சோதனை செய்து, தேடிய மருந்துகளின் பட்டியலோடு முடிவை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்திலும் ரேஷன் கடைப் பலகையிலும் ஒட்டச் சொல்லிக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மிளகு, கிராம்பு விவசாயிகள், வாழைக்கு என்ன மருந்து எப்போது அடித்தோம் என்ற குறிப்பை இப்போதே எழுதி வைக்கத் தொடங்கலாம். பயிருக்குப் பயிர் தாவும் எச்சத்துக்கு நியாயமான அளவு கேட்கும்போது அந்தக் குறிப்பேடுதான் நம் ஆதாரம்.

களியக்காவிளையைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. இப்போது அங்கே பெரும்பாலும் கப்பலுக்குக் கப்பல் பெட்டகம் மாற்றும் வேலைதான். நேரடி இறக்குமதி சூடுபிடித்தால் முந்திரியும் பருப்பும் பழமும் அந்த வழியாகவே நம் பக்கம் வரும். அதற்கு முன்னாலேயே அங்கே எச்ச ஆய்வகமும் உணவுப் பாதுகாப்பு அதிகாரியும் இருக்க வேண்டும் என்று இரண்டு மாநிலத்து விவசாயச் சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் சேர்ந்து கேட்க இதுதான் நேரம்.